கரை உறுப்பினர்

“மூணு பேர் உக்காரலாம்னு போட்டிருக்கு—”

“நாம நாலு பேருங்க.”

“—போட்டிருக்குன்னுதான் சொன்னேன். நான் இன்னும் முடிக்கல.”

“நீங்க முடிக்கறதுக்குள்ள நான் எண்ணியே முடிச்சிட்டேன். நீங்க, பெரியவ, சின்னவ. ஆச்சா? கரையில துண்டைப் பிடிச்சிக்கிட்டு நிக்கப்போறது யாரு?”

“மாத்தி மாத்திப் போகலாம்மா.”

“மாத்தி மாத்தி ஓட்டலாம்னு சொல்லித்தான் சைக்கிளும் வாங்கினீங்க. நான் அதுல காத்து அடிச்சதோட சரி.”

இந்தச் சண்டை நடந்தது ஒரு பல் டாக்டரம்மாவின் கார் கொட்டகையில். காரை வெளியே நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் ஓர் இழுவண்டி மேல் தண்ணீரில் பைக் மாதிரி ஏறி ஓட்டும் பழைய ஜெட் ஸ்கி ஒன்றை விற்பனைக்குப் படுக்க வைத்திருந்தார். நீல உடம்பு, வெள்ளை வயிறு, மூக்கில் இரண்டு கீறல். அவருடைய பிள்ளைகள் வளர்ந்து வேறு வேறு ஊர்களில் சம்பளம் வாங்கப் போன பிறகு அது தண்ணீரையே பார்க்கவில்லை. டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதிராளி வாயைத் திறந்திருக்கும்போது வேலையைத் தொடங்குவது அவர் தொழில் வழக்கம். இங்கே இரண்டு வாய் ஒரே சமயத்தில் திறந்திருந்ததால் எதில் தொடங்குவது என்று தெரியவில்லை.

கணவர் கண்ணாடிக் கடையில் கண் பார்த்து நம்பர் சொல்பவர். இருட்டறையில் எழுத்துப் பலகையைக் காட்டி, “இது தெரியுதா? இது தெரியுதா?” என்று கேட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். மருந்துப் புட்டியின் முதுகு, பேருந்துச் சீட்டின் அடிவரி, எதையும் படிக்காமல் விடமாட்டார். படித்ததற்கெல்லாம் கீழ்ப்படியவும் செய்வார். காக்கை குருவி இல்லாத சாலையில்கூடச் சிவப்பு விளக்குக்கு நின்று, அது பச்சையானதும் நன்றி சொல்லாத குறையாகக் கிளம்புவார். வீட்டில் அவருக்குப் பெயர் பொடியெழுத்து.

மனைவி முடிவெட்டும் கடை வைத்திருந்தாள். “கத்தரி நம்ம கையில இருந்தா எப்பேர்ப்பட்டவரும் தலையைக் குனிவார்” என்பது அவள் கண்ட உண்மை. கத்தரி அடுத்தவர் கையில் இருக்கும்போது தன் வீட்டுக்காரர் எவ்வளவு தாழக் குனிவார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“இப்போ எதுக்குங்க இது? நமக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்? உங்களுக்கு நீச்சல்கூடத் தெரியாது.”

“நாலு பேரும் ஒரே நேரத்துல சிரிச்சு எவ்வளவு நாளாச்சு, சொல்லு. பெரியவ போனைப் பார்த்துச் சிரிக்கிறா. சின்னவ கார்ட்டூனைப் பார்த்துச் சிரிக்கிறா. நீ கடையில வர்றவங்களோட சிரிக்கிறே.”

“நீங்க?”

“நான் நீங்க சிரிக்கறதைப் பார்க்கிறேன்.”

 விட்டுக்கொடுக்கும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள் அவள். “சரி, என்னமோ பண்ணுங்க.”

டாக்டரம்மாவுக்கு இப்போதுதான் வாய் திறக்க இடம் கிடைத்தது. ரப்பர்க் குழாயை எடுத்து வண்டியின் பின்பக்கம் மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். பிறகு உயிர் கொடுத்தார். ஒரு செருமல், ஒரு தும்மல், அப்புறம் நல்ல சீரான சத்தம்.

“தண்ணி குடுக்காம மட்டும் இதை ஓட்டிடாதீங்க. தண்ணியில மூச்சு விடற ஜாதி இது. காய்ஞ்ச தரையில ஓட்டினா உள்ள இருக்கற ரப்பரெல்லாம் வெந்துடும். அப்புறம் இன்னொண்ணு.” மனைவியின் கையைப் பிடித்துக் குனியவைத்தார். “அடியில கைவிட்டுப் பாருங்க. ரெண்டு மூடி தட்டுப்படுதா?”

இருட்டில் விரலுக்கு இரண்டு திருகுமூடிகள் அகப்பட்டன.

“ஒண்ணு மட்டும் வழுவழுன்னு இருக்கே டாக்டரம்மா?”

“அதுக்குக் காது உடைஞ்சுபோச்சு. பல்செட் பண்றப்போ மிஞ்சின பசையில நானே ஒரு காது செஞ்சு ஒட்டினேன். கரையேத்தினதும் ரெண்டையும் கழட்டி, உள்ள இருக்கற தண்ணியை வடிக்கணும். இறக்கறதுக்கு முன்னாடி மாட்டணும். மாட்டாம இறக்கினா அது வண்டி இல்ல, வாளி.”

“உடனே முழுகிடுமா?”

“உடனே முழுகினா உஷாராயிடலாமே. மெதுவாத்தான். மேல உக்காந்து நாலு வார்த்தை பேசிக்கிட்டிருப்பாங்க, பின்பக்கம் அது பாட்டுக்கு இறங்கிக்கிட்டிருக்கும்.”

அன்றைக்கே இழுத்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பழைய ஜெட் ஸ்கி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதைக் கவனிப்பதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது. நீர்மிசை ஊர்தி மறுவுடைமை வாரியம் என்று பெயர். புதியது வாங்குகிறவர்களைக் கடைக்காரர் கை குலுக்கி அனுப்பிவிடுவார். பழையதை வாங்குகிறவர்கள் ஏதோ ஒரு வகையில் யோசிக்கிறவர்கள் என்பதால் அவர்களைத்தான் கண்காணிக்க வேண்டியிருந்தது.

வாரியத்தின் அலுவலகம் ஊரிலேயே உயரமான மேட்டில், தண்ணீர் கண்ணுக்கே எட்டாத தூரத்தில் இருந்தது. வெள்ளம் வந்தால் காகிதங்கள் நனையக்கூடாது என்ற முன்யோசனை. வாசலில் தீயணைப்பு வாளிகளில் மணல். குடிநீர்க் குழாயில் காற்று. உள்ளே சோதனை அதிகாரி ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை இறுக்கிப் பூட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் மின்விசிறி பிய்த்துக்கொண்டு சுற்றியது. காகிதங்கள் பறக்காமலிருக்க ஒவ்வொரு மேசையிலும் சின்னச் சின்னக் கறுப்புக் குமிழ்களை ஜோடி ஜோடியாக வைத்திருந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது, எந்தக் கடையில் வாங்கியிருப்பார்கள் என்று மனைவி நினைத்தாள்.

“குடும்பம் எத்தனை பேர்?” என்றார் அதிகாரி.

“நாலு” என்றார் கணவர்.

“இருக்கை?”

“மூணு.”

“அப்போ குடும்பம் மூணு.”

“நாலு சார். இதோ நாலு பேரும் நிக்கிறோமே” என்றாள் மனைவி.

“நிக்கறது வேற, உக்கார்றது வேற மேடம். நின்னா குடும்பம்னு எடுத்துக்க ஆரம்பிச்சா, பஸ் ஸ்டாப்புல நிக்கறவங்க எல்லாம் குடும்பம் ஆயிடுவாங்க.”

கணவர் அதற்குள் சுவரில் மாட்டியிருந்த விதிப்பலகையின் அடிவரிக்குப் போய்விட்டார். “விதியிலேயே வழி இருக்கும்மா! ‘இருக்கைக்கு மிகுந்தவர் கரை உறுப்பினர் எனக் கொள்ளப்படுவார்.’”

“யாரு மிகுந்தவ?”

கணவர் விதிப்பலகையைப் பார்த்தார். பெரியவள் போனைப் பார்த்தாள். சின்னவள் மட்டும் அம்மாவைப் பார்த்தாள்.

“குடும்பமாப் பேசி நீங்களே முடிவு பண்ணிக்கலாம். நாங்க தலையிட மாட்டோம்” என்ற அதிகாரி, மஞ்சள் கயிறு கோத்த ஓர் அட்டையை எழுந்துவந்து மனைவியின் கழுத்தில் மாட்டினார். “இது கௌரவம் மேடம். கரை இல்லாம தண்ணி உண்டா? கரை உறுப்பினருக்குப் பொருள்களைப் பிடிச்சிக்கிற உரிமை உண்டு. ஊர்தியைத் தொடக்கூடாது. தண்ணி சம்பந்தமாக் கருத்துச் சொல்லக்கூடாது. எங்க வீட்டுல என் மனைவிதான் கரை உறுப்பினர். கல்யாணம் ஆன நாளா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல.”

“உங்க வீட்டுல ஜெட் ஸ்கி இருக்கா சார்?”

“இல்ல.”

அடுத்தது நீச்சல் தேர்வு. அறையின் நடுவில் விரித்திருந்த நீலக் கம்பளத்தில்தான் நீந்த வேண்டும். தண்ணீரில் வைத்தால் தேர்வெழுதுகிறவர் முழுகிவிடும் அபாயம் இருப்பதாகவும், வாரியம் உயிர்களோடு விளையாடுவதில்லை என்றும் அதிகாரி விளக்கினார். கணவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குப்புறப் படுத்து, மேசையிலிருந்து அலமாரி வரை மிகுந்த மரியாதையோடு நீந்தினார். சின்னவள் சிரித்துக்கொண்டே உருண்டு உருண்டு போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். இருவருக்கும் ‘மிக நன்று’. பள்ளிக்கூட நீச்சல்குளத்தில் கோப்பை வாங்கிய பெரியவள் இரண்டு உதை உதைத்தாள். கம்பளத்தில் எத்தனை நாள் தூசியோ, குபீரென்று கிளம்பியது. அதிகாரி தும்மினார்.

“கால் உதைக்கிறார். சுற்றுப்புறத்துக்கு இடைஞ்சல். நீச்சல் தெரியாது. மூவரில் இருவர் தேறியதால் குடும்பம் தேறியது” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

“சார், அவளுக்குத்தான் தெரியும். சின்னவளுக்குத் தெரியாது. இடுப்பளவு தண்ணியிலகூட என் கழுத்தை விடமாட்டா!”

“மேடம்,” என்று அதிகாரி அட்டையை விரலால் சுட்டிக் காட்டினார். “நீச்சல், தண்ணி சம்பந்தப்பட்ட விஷயம்.”

மூன்றாவது, ஊர்திச் சோதனை. முற்றத்தில் டாக்டரம்மா இழுவண்டியோடு வந்து நின்றார். கையில் ரப்பர்க் குழாய்.

“குழாய் எதுக்கு?” என்றார் அதிகாரி.

“தண்ணி குடுக்காம ஓட்டக்கூடாது சார்.”

“தண்ணி குடுத்து ஓட்டினா அது நீர்ச்சோதனை ஆயிடும். எங்களுக்கு அனுமதி நிலச்சோதனைக்குத்தான்.”

“நிலத்துல ஓட்டினா கெட்டுப்போயிடும் சார்!”

“கெடுதான்னு பார்க்கறதுதானேம்மா சோதனை?”

வாதாடிக்கொண்டிருக்கும்போதே அதிகாரி ஓட்டிவிட்டார். முதலில் சீராகத்தான் கத்தியது. பிறகு குரல் உடைந்தது. ரப்பர் கருகும் நாற்றம் முற்றத்தைச் சுற்றி வந்தது. அதிகாரி கண்ணை மூடிக் கச்சேரி கேட்பதுபோல் தலையை ஆட்டினார். டாக்டரம்மா பாய்ந்து நிறுத்துக் கயிற்றை இழுத்தார்.

“நல்ல கணீர்னு இருக்கே. எதுக்கு நிறுத்தினீங்க?”

“அது கணீர் இல்ல சார், கதறல். எனக்கு அந்தச் சத்தம் நல்லாத் தெரியும்.”

“இனிமே உள்சோதனை. ரகசியமானது. விக்கறவங்க, வாங்கறவங்க ரெண்டு பேரும் வெளிய போகலாம். அப்புறம், இந்த நிமிஷத்துலேருந்து நீங்க ரெண்டு தரப்பும் பேசிக்கக்கூடாது. பேசினாக் கூட்டுச்சதி.”

டாக்டரம்மா வெளியே போகிறபோது மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, காற்றில் எதையோ திருகிக் காட்டினார். வாரியத்தின் கதவு இடையில் மூடிக்கொண்டது.

கைமாறிய ஊர்தியைத் தண்ணீரில் இறக்க வாரியம் நடத்தும் இறக்கு விழாவன்று, காரில் போகும்போது மனைவி வாய் ஓயவில்லை.

“அந்த மூடி ரெண்டையும் போட்டாங்களான்னு குனிஞ்சு பார்த்துட்டு ஏறுங்க.”

“முத்திரை வச்சுத் துணி போட்டு மூடியிருக்காங்கம்மா. துணியை வாரியத் தலைவர்தான் எடுக்கணும்.”

“எடுத்தப்புறம் பாருங்களேன்.”

“எடுத்த உடனே ஏறிடணும். ஏறினா, தலைவர் பேசி முடிக்கிற வரைக்கும் இறங்கக்கூடாது. இறங்கினா குடும்பத்துக்கே தகுதி போயிடும். ஆயுசுக்கும் எந்த ஊர்தியும் வாங்க முடியாது.”

“அப்படியா எழுதியிருக்கு?”

“பொடி எழுத்துல.”

“அப்பா, சின்னவளுக்கு நிஜமாவே நீந்தத் தெரியாதுப்பா” என்றாள் பெரியவள், போனிலிருந்து கண்ணை எடுத்து.

“தெரியும்னு சான்றிதழ் இருக்கே” என்றார் கணவர். கேலிக்குச் சொல்லவில்லை. மனைவி திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள்.

படகுத்துறையில் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. கரையிலிருந்து ஒரு சிமெண்டுச் சரிவு தண்ணீருக்குள் இறங்கியது. அது முடிகிற இடத்தில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. சரிவின் தலைமாட்டில், கழுத்தில் மஞ்சள் கயிற்று அட்டையோடு ஒரு பெரியவர் சும்மா நின்றுகொண்டிருந்தார். மனைவியின் அட்டையைப் பார்த்துப் பழகியவர்போலப் புன்னகைத்தார்.

“நீங்களும் இன்னிக்கு இறக்கறீங்களா ஐயா?” என்றாள்.

“இல்லம்மா. எங்களோடது போன தடவையே இறக்கியாச்சு.”

“எங்க இருக்கு?”

“கீழ” என்று தண்ணீரைக் காட்டினார். “தலைவர் பேசிக்கிட்டிருந்தார். எல்லாரும் கேட்டுக்கிட்டிருந்தாங்க. என்ன ஆச்சுன்னு தெரியல, முழுகிடுச்சு. மகனும் மருமகளும் நல்லா நீந்துவாங்க, வந்துட்டாங்க. அது மட்டும் வரல. ஊர்தி கரைக்குத் திரும்புற வரைக்கும் கரை உறுப்பினர் அட்டையைக் கழட்டக்கூடாதாம். அதான், விழா வச்சா நானும் வந்துடறேன்.”

மனைவி அதிகாரியிடம் ஓடினாள்.

“சார், வண்டிக்கு அடியில ரெண்டு மூடி உண்டு. போட்டிருக்கான்னு பாருங்க சார்.”

“மூடியா? அதெல்லாம் பத்திரமா இருக்கு மேடம். வாரியத்தோட பொறுப்புல இருக்கு.”

“நான் ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கறேன்.”

“தொடக்கூடாதே.”

தலைவர் துணியை விலக்கினார். கணவரும் மகள்களும் வாரியம் தந்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, அதன் மேல் மிதவைச் சட்டையோடு ஏறப் போனார்கள். அதிகாரி விசில் ஊதினார்.

“சட்டையைக் கழட்டுங்க! அடையாள அட்டை மறையுது. படம் எடுக்கணும்.”

“சின்னவளுக்காவது விட்டுடுங்க சார்!”

“கரை உறுப்பினர் வந்து பொருளைப் பிடிச்சிக்கணும்.”

மூன்று சட்டைகளும் மனைவியின் கைக்கு வந்தன. கணவர் முன்னால், சின்னவள் நடுவில், பெரியவள் பின்னால். ஜெட் ஸ்கியைச் சரிவில் இறக்கி, கறுத்த தண்ணீர் தொடங்கும் இடத்தில் ஒரு கயிற்றில் கட்டி நிறுத்தினார்கள். மிதந்தது. நீலமும் வெள்ளையுமாக அழகாகவே மிதந்தது. கணவர் திரும்பிப் பார்த்து, வெட்கத்தோடு கையை ஆட்டினார்.

தலைவர் பேச்சு மேசைக்கு வந்தார். காற்று பேச்சைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. அதிகாரி காற்சட்டைப் பையிலிருந்து இரண்டு குமிழ்களை எடுத்துத் தாள்களின் மேல் வைத்தார்.

“பெரியோர்களே! நீர் நிலையற்றது. வாரியம் நிலையானது. இந்த வாரியம் தொடங்கிய நாள் முதலாக நாம் கைமாற்றிய ஊர்திகளில் ஒன்றாவது மறுபடியும் விற்பனைக்கு வந்ததுண்டா? கிடையாது! வாங்கியவர்கள் அத்தனை பேரும் அவ்வளவு நிறைவோடு இருக்கிறார்கள்.”

கரைப் பெரியவர் மெல்ல இருமினார்.

“நான் இன்றுவரை ஓர் ஊர்தியிலும் ஏறியதில்லை. ஏறச் சொல்லிப் பலர் வற்புறுத்தியிருக்கிறார்கள். ஏறினால் என் நடுநிலை என்னாகும்? தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கிறவன் நனைந்தவனாக இருக்கக்கூடாது.”

மனைவியின் கண் வண்டியின் பின்பக்கத்தை விட்டு அசையவில்லை. வெள்ளை வயிற்றில் சற்றுமுன் ஓர் உள்ளங்கை அகலம் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. இப்போது இரண்டு விரல். மூக்கு லேசாக நிமிர்ந்திருந்தது. அல்லது அவளுக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

ஒரு தாள் பிய்த்துக்கொண்டு பறந்துவந்து அவள் காலடியில் விழுந்தது. பொருள் பிடிப்பது கரை உறுப்பினர் வேலை அல்லவா, அதிகாரி கண்ணைக் காட்டினார். மிதவைச் சட்டைகளை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, தாளை மேசைக்குக் கொண்டுபோய்க் குமிழைத் தூக்கி அடியில் செருகினாள்.

விரலில் வழுவழுவென்று பட்டது.

பார்த்தாள். கறுப்பு மூடி. ஒரு பக்கக் காது மட்டும் ஈறு நிறத்தில், பளபளவென்று.

“இது எங்க வண்டி மூடி!”

தலைவர் பேச்சை நிறுத்தாமலே புருவத்தை மட்டும் உயர்த்தினார். அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். “உள்சோதனை மாதிரி மேடம். ஒவ்வொரு ஊர்தியிலும் எடுப்போம். மாதிரி எடுக்கலைன்னா சோதனை பண்ணினோம்னு எப்படி நம்புவாங்க? பத்திரமா இருக்குன்னு சொன்னேனா இல்லையா?”

“ஏங்க! இறங்குங்க! மூடி இங்க இருக்கு! தண்ணி உள்ள போய்க்கிட்டிருக்கு!”

“பேச்சு முடியட்டும்மா!” என்றார் கணவர். முதுகு நேராகவே இருந்தது. “இப்போ இறங்கினா எல்லாம் போச்சு!”

“கரை உறுப்பினரின் கருத்துகள் பேச்சுக்குப் பின்னர் கேட்கப்படும்” என்ற தலைவர், அடுத்த வரிக்குப் போனார். “புகார்களைப் பொறுத்தவரை, ஒரே மனிதர் இரண்டாவது முறை புகார் கொடுத்ததாக வரலாறே இல்லை...”

“அம்மா, என் செருப்பு மிதக்குது” என்றாள் சின்னவள்.

“தண்ணி வண்டின்னா நனையத்தான் செய்யும் கண்ணு. அசையாம உக்காரு. அப்பா இருக்கேன்ல” என்று சொல்லிக்கொண்டே கணவர் விசையை அமுக்கிப் பார்த்தார். கிர்ரென்றது. மறுபடி அமுக்கினார். அதுவும் இல்லை.

“அப்பா, பின்னாடி என் முட்டி வரைக்கும் வந்துடுச்சுப்பா” என்றாள் பெரியவள். இப்போது அவள் கையில் போன் இல்லை, தங்கை இருந்தாள்.

மனைவி இரண்டு மூடிகளையும் பிடுங்கி எடுத்தாள்.

பேச்சு பறந்தது. தாள் தாளாக எழும்பி, கொக்குக் கூட்டம்போலத் துறையைச் சுற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கியது. தலைவர் வாய் திறந்தபடியே நின்றார். கையில் தாள் இல்லாமல் தண்ணீரைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. “ஐயா, இது... பேச்சு முடிஞ்சதா, நின்னுபோச்சா?”

தலைவர் யோசித்தார். நேரம் எடுத்துக்கொண்டே யோசித்தார். வண்டியின் மூக்கு இப்போது வானத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

“நின்றது. முடியவில்லை.”

“நின்னதுதான்! முடியல! யாரும் அசையாதீங்க!” அதிகாரி விசிலை ஊதிக்கொண்டே பறந்த தாள்களைப் பொறுக்க ஓடினார்.

மனைவி சரிவில் இறங்கினாள். வழுக்கியது, விழுந்தாள், எழுந்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. “குதிடி! தங்கச்சியைப் பிடிச்சிக்கிட்டுக் குதி!” பெரியவள் குதித்தாள். சான்றிதழ் இல்லாத கால்கள் தண்ணீரை உதைத்த உதையில் நுரை சிதறியது. ஒரு கையால் தங்கையை இழுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்து சேர்ந்தாள். ‘மிக நன்று’ வாங்கிய சின்னவள் அம்மாவின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, மூக்கிலும் வாயிலும் போன தண்ணீரை அவள் தோளிலேயே கக்கினாள். மனைவி அவளுக்குச் சட்டையை மாட்டினாள். விரல்கள் பூட்டில் வழுக்கின. கரைப் பெரியவர் சரிவில் முட்டிவரை இறங்கிவந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

மிஞ்சிய இரண்டு மிதவைச் சட்டைகளில் ஒன்றைப் பெரியவளிடம் தந்து, மற்றதைக் கணவர் பக்கம் வீசினாள். மடியில் விழுந்தது. எடுத்தார். மாட்டிக்கொண்டால் அட்டை மறையுமே என்று கையிலேயே வைத்திருந்தார்.

தண்ணீர் அவர் இடுப்புக்கு ஏறியிருந்தது. கைப்பிடியை விடவில்லை. பார்வை கரையில் இருந்தது. அங்கே தலைவர், பொறுக்கி வந்த ஈரத் தாள்களை அதிகாரி நீட்ட, முதல் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

“இறங்குங்க! என் கையைப் பிடிங்க!”

அவர் திரும்பவில்லை. தலைவருடைய தலை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரியோர்களே!” என்று தலைவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

மனைவி இன்னும் ஓர் அடி முன்னால் போனாள். காலுக்கடியில் சிமெண்டு முடிந்துவிட்டது. கழுத்தை விடாத சின்னவளைத் தோளோடு அணைத்தபடி, இன்னொரு கையை எட்டின மட்டும் நீட்டி, அவர் இருட்டறையில் கேட்பதுபோலவே, தணிந்த குரலில் கேட்டாள்.

“ஏங்க, இங்க பாருங்க. நான் தெரியறேனா?”